கவருக்குள் போன ஓட்டு

என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்று தெரிந்த அன்று நான் இஸ்திரி போட்ட காட்டன் புடவையில் இருந்தேன். எண்பதுகளின் கடைசியில் வந்த ஒரு தேர்தல். சமையலை முடித்து, குழந்தையைத் தூங்கவைத்து, வெயில் தாழட்டும் என்று காத்திருந்து நாலு மணிக்கு மேல் போனேன். சேலையூர் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம்தான் எங்கள் வாக்குச்சாவடி. பெயரைச் சொன்னதும் அங்கிருந்த அலுவலர் பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "உங்க ஓட்டு ஆயிடுச்சேம்மா" என்றார். ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்வார்களே, அந்தக் குரல். என் விரலை நீட்டிக் காட்டினேன். மை இல்லை. அவர் விரலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் நின்றவரை "வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னால் என் கணவர் சிரிக்கிறார். "உனக்கு சிரமம் மிச்சம்" என்றார். பக்கத்து வீட்டிலும் சிரித்தார்கள். காலையிலேயே போயிருக்க வேண்டும், நாலு மணி வரை யார் விட்டுவைப்பார்கள் என்று எனக்கே புத்தி சொன்னார்கள். பர்ஸைத் திருட்டுக் கொடுத்தவளிடம் பாவம் என்று ஒரு வார்த்தையாவது சொல்வார்கள். ஓட்டைத் திருட்டுக் கொடுத்தவள் அசடு.

எங்கள் பக்கத்தில் அதற்குத் திருட்டு என்று பெயரே இல்லை. "முடிக்கிறது" என்பார்கள். மூன்று மணிக்கு மேல் பூத்துக்குள் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜெண்ட், இன்னும் வராதவர்கள் யார் யார் என்று பார்ப்பார். வெளியே ஆள் தயாராக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் உள்ளே போவார். எல்லாக் கட்சிக்காரர்களும் செய்தார்கள். சில பூத்துகளில் எதிர் எதிர் கட்சி ஏஜெண்டுகள் டீ குடித்துக்கொண்டே ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள் என்று கேள்வி. வராதவன் ஓட்டு வீணாகாமல் பார்த்துக்கொள்வது ஒரு உபகாரம் என்றே பலர் மனதார நம்பினார்கள். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. திருடனைத் திட்டலாம். உபகாரியை என்ன செய்வது?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அடுத்த தேர்தல் வந்தபோது எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்திருந்தது. தெருவில் அது ஒன்றுதான். எங்கள் நகர் நலச் சங்கத்தின் செயலாளர் ஆடிட் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். எதையும் மூன்று நகல் எடுக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அவர்தான் யோசனை சொன்னார். சங்கத்து ஆட்கள் ஒவ்வொரு பூத்துக்கும் வெளியே நிற்பது. பிரச்சினை என்றால் பக்கத்துக் கடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு போன் செய்வது. நான் குறித்துக்கொண்டு தேர்தல் அதிகாரி அலுவலகத்துக்குச் சொல்வது. "நீங்க போனை எடுத்தா மட்டும் போதும்மா" என்றார். போனை மட்டும் எடுக்கிற ஆளா நான்? ஒரு வாரத்தில் யார் எங்கே நிற்பது, யாருக்கு எப்போது சாப்பாடு என்பது வரை நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். செயலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். என் கணவர் மறுபடியும் சிரித்தார்.

எங்கள் வீட்டின் பின் போர்ஷனில் அப்போது ஒரு பெண் குடியிருந்தாள். பக்கத்து ஊர்க்காரிதான். கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே கணவனை இழந்தவள். ஒரே ஒரு பெண் குழந்தை. தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் வெளிநாட்டுக்குத் துணி தைத்து அனுப்பும் கம்பெனி ஒன்றில் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் தம்பியை அவள்தான் வளர்த்தாள். அவனுக்கும் அவள்மேல் உயிர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளில் மீன் வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். மருமகளை முன் பாரில் உட்காரவைத்து கேம்ப் ரோடு வரை ஒரு சுற்று போய்விட்டுத்தான் சாப்பிடுவான். அவன் வந்தால் பின் போர்ஷனிலிருந்து வரும் சிரிப்புச் சத்தம் எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும்.

தம்பி ஒரு கட்சியில் இருந்தான். ஊரில் நிலபுலம் வைத்திருந்து, பிறகு அதையே மனை போட்டு விற்றுப் பெரிய ஆளான ஒருவர்தான் அங்கே எல்லாம். அவர் பின்னால் இவன். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கடை பார்த்துத் தருவதாக அவர் சொல்லியிருந்தார். அந்தத் தேர்தலில் எங்கள் பள்ளிக்கூடத்து பூத்துக்கு இவனைத்தான் ஏஜெண்டாகப் போட்டார். புது வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டான். அக்காதான் தைத்துக் கொடுத்தாள்.

அவளுக்கு அதுதான் முதல் ஓட்டு. புருஷன் வீட்டில் இருந்தவரைக்கும் பட்டியலில் பெயர் சேர்க்க யாரும் மெனக்கெடவில்லை. இங்கே வந்த பிறகு நான்தான் விண்ணப்பம் கொடுக்கவைத்தேன். பெயர் வந்துவிட்டது என்று சொன்னபோது முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள். "என் பேரு எப்டிக்கா போட்டுகீது? அவுரு பேரும் போட்டுகீதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கணவன் செத்த பிறகு அவள் பெயர் புதிதாக எழுதப்பட்ட ஒரே இடம் அதுதான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தேர்தலன்று அவள் கம்பெனிக்கு லீவு இல்லை. கப்பலுக்குச் சரக்கு அனுப்பவேண்டும், மத்தியானம் வரை வந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று, "எத்தினி மணி வரிக்கும் போடலாம்க்கா?" என்றாள். அஞ்சு மணி வரைக்கும் என்றேன். சீக்கிரம் வா, நாலு மணிக்குள் வந்துவிடு என்றும் சொன்னேன். "என் தம்பி தானக்கா உள்ள கீறான். எனுக்கு இன்னா பயம்?" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

காலை எட்டு மணியிலிருந்து போன் அடித்தது. ஒரு பூத்தில் மை வைக்கிறவர் தண்ணீர் மாதிரி வைக்கிறார். இன்னொன்றில் பந்தல் இல்லை, வயதானவர்கள் வெயிலில் காய்கிறார்கள். ஒருவருடைய பெயருக்குப் பக்கத்தில் பெண் என்று போட்டிருக்கிறது, மீசையைக் காட்டியும் விடமாட்டேன் என்கிறார்கள். எல்லாவற்றையும் நான் தேர்தல் அலுவலகத்துக்குச் சொன்னேன். மறுமுனையில் களைத்த குரல் ஒன்று ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டது. மூன்று மணிக்கு மேல் நான் எதிர்பார்த்த போன்கள் வர ஆரம்பித்தன. முடிக்கிறார்கள், முடிக்கிறார்கள் என்று ஒரே மாதிரி. அதைச் சொன்னதும் அந்தக் குரல் மாறியது. "எழுத்துல குடுங்கம்மா. ஓட்டு போனவங்க பேர், கையெழுத்து. அது இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அதுதான் இல்லை. பறிகொடுத்தவர்கள் எங்கள் ஆட்களிடம் புலம்பினார்கள், திட்டினார்கள், நாடு உருப்படாது என்றார்கள். கையெழுத்து என்றதும் எல்லோருக்கும் வீட்டில் வேலை வந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல நான் யார்? போன தடவை நானும் அப்படித்தான் நடையைக் கட்டினேன்.

நாலு மணிக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள மருந்துக்கடையிலிருந்து செயலாளரே கூப்பிட்டார். "உங்க பின் போர்ஷன் பொண்ணு பூத்துக்குள்ள போயிட்டு வெளியே வரமாட்டேங்குது. நீங்க வந்தா நல்லது" என்றார். போனைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன்.

அவள் வகுப்பறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து நேராக வந்திருக்கிறாள், புடவையில் அங்கங்கே நூல் ஒட்டியிருந்தது. பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னை உள்ளே விடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீ இன்னிக்கி வர மாட்டன்னு நெனச்சிகினேன்க்கா" என்றான் அவன், மெதுவாக. "மூணு மணி வரிக்கும் பாத்தேன். கம்பெனில புடிச்சி வெச்சிகினாங்கோன்னு... உன் ஓட்டு வீணாப் போவக் கூடாதுன்னு தான்."

"ஒரு வார்த்த கேட்டியாடா?"

"எங்க வந்து கேக்கறது? நீ யாருக்குப் போடப் போற, நம்ம சின்னத்துக்குத் தான?"

"அத்த நான் தானடா சொல்லணும்" என்றாள்.

அவன் பொய் சொல்லவில்லை. அதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். மற்றப் பெயர்களையெல்லாம் கட்சிக்காக முடித்தான். அவள் பெயரை மட்டும் அவளுக்காக முடித்தான். அவள் வேலைக்குப் போன நாட்களில் ரேஷனில் மண்ணெண்ணெய் வாங்கி வைப்பவனும் அவன்தானே. அந்த வரிசையில் இதையும் சேர்த்துவிட்டான்.

செயலாளர் சட்டம் படித்து வைத்திருந்தார். ஓட்டு ஏற்கெனவே போய்விட்டது என்றாலும் உண்மையான ஆள் வந்து கேட்டால் வேறொரு வாக்குச்சீட்டு கொடுத்தாக வேண்டும் என்று வாசலில் நின்று வாதாடினார். தலைமை அலுவலர் பாவம், எங்கோ பள்ளிக்கூடத்து வாத்தியார். வியர்த்துப்போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, சரிதான் என்று ஒத்துக்கொண்டார். கையெழுத்து வாங்கி, மை வைத்து, சீட்டைக் கொடுத்தார். அவள் மறைவுக்குப் பின்னால் போய் முத்திரை குத்தி, மடித்து எடுத்துக்கொண்டு பெட்டியை நோக்கி நடந்தாள்.

"அதுல இல்லம்மா" என்று கையை நீட்டினார் அலுவலர். "இத என் கிட்ட குடுங்க. இதுக்குத் தனிக் கவர்."

அவள் சீட்டைக் கொடுக்கவில்லை. "இத எண்ணுவீங்களா சார்?"

"கோர்ட்டு கேஸுன்னு ஏதாவது வந்து, ஜட்ஜ் சொன்னா எண்ணுவாங்க."

"இல்லன்னா?"

அவர் கவரின் வாயைப் பிரித்து வைத்தார். அவள் பெட்டியைப் பார்த்தாள். காலையிலிருந்து யார் யாரோ வந்து போட்டுவிட்டுப் போன பெட்டி. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சீட்டை அவர் கையில் கொடுத்தாள். அவர் கவரில் போட்டார். அந்தக் காட்சியைப் பார்க்காமலிருந்திருக்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் செயலாளர் புகார்த் தாளை நீட்டினார். மூன்று நகல். யார் முடித்தது, எந்த ஏஜெண்ட் உட்கார்ந்திருந்தார் என்று எல்லாவற்றையும் எழுதவேண்டும். நான் அவளைத் தள்ளி அழைத்துக்கொண்டு போய், "யோசிச்சுப் போடு. உன் தம்பி பேரும் இதுல வரும்" என்றேன். சொன்னேன், உண்மைதான். ஆனால் அன்று முழுக்க ஒரே ஒரு கையெழுத்துக்காகப் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தவள் நான். அந்த ஆசை என் முகத்தில் தெரியாமலா இருந்திருக்கும்? அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். இன்னொருவர் சொல்லிச் செய்கிற ஆளாக அப்போது அவள் இல்லை.

புகார் போனது. அதனால் நடந்தது இவ்வளவுதான்: தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பகல் முழுக்க உட்காரவைத்தார்கள். அடித்ததாக அவன் சொல்லவில்லை, அடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. மறு ஓட்டுப்பதிவு என்ற பேச்சே எழவில்லை. ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தில் எங்கள் தெரு முழுவதையும் போட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எந்தக் கோர்ட்டும் கவரைக் கேட்கவில்லை. அந்தப் பெரிய மனிதர் நாலு பேர் நடுவில், "சொந்த அக்காவையே கைல வெச்சிக்கத் தெரியல, இவன் பூத்த எப்டிப் பாத்துப்பான்" என்றாராம். மார்க்கெட்டில் கடை வேறொருவனுக்குப் போனது.

எங்கள் சங்கத்தில் அவளுக்குப் பாராட்டுத் தீர்மானம் போட்டார்கள். அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பின் போர்ஷன் சத்தமில்லாமல் இருந்தது. குழந்தை மட்டும் கொஞ்ச நாள் வாசலில் போய் நிற்கும், பிறகு அதுவும் நின்றுவிட்டது. நான் ஒருமுறை மீன் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன், சைவச் சாப்பாட்டுக்காரியான நான் மீன் வாங்கியது அது ஒரு தடவைதான். கெட்ட மீனைப் பார்த்து வாங்கி வந்திருக்கிறேன் என்று அவள் சிரித்தாள். பிறகு அழுதாள்.

நாங்கள் செய்தது தவறு என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். புகார் கொடுக்காமல் விட்டிருந்தால் அவன் அடுத்த தடவையும் முடித்திருப்பான். ஆனால் வருத்தம் தப்பு செய்தவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஊர் முழுக்க ஓட்டு போயிருக்க, அத்தனைக்கும் விலை கொடுத்தது ஒரு அக்காவும் தம்பியும்தான். மற்ற எல்லோரும் சாயங்காலம் வீட்டுக்குப் போய் ரேடியோ கேட்டோம்.

சில வருஷம் கழித்து அவளுடைய பெண் வயதுக்கு வந்தாள். மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் வரவேண்டும். புடவையும் மாலையும் சீரும் கொண்டுவந்து, பெண்ணுக்கு முதல் மாலையைப் போடவேண்டியவன் அவன். ஆயிரம் சண்டை இருந்தாலும் அதற்கு வராத மாமனை ஊரில் மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள். அவள் வெற்றிலை பாக்கோடு அவன் வீட்டுக்குப் போனாள். வாசலில் வைத்தே பதில் வந்ததாம். "அன்னிக்கு எந்தச் சின்னத்துல குத்தினேன்னு சொல்லட்டும், வரேன்."

அவனுக்கு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது அதுதான். ஸ்டேஷன்கூட இல்லை, கடைகூட இல்லை. அக்கா எதிர்க்கட்சிக்குப் போடத்தான் அவ்வளவு பிடிவாதமாகச் சீட்டைக் கேட்டாள் என்று யாரோ அவன் மனதில் ஏற்றியிருந்தார்கள்.

"அவன் சின்னம்னே சொல்லிடேன்" என்றேன் நான். "யார் போய் அந்தக் கவரைப் பிரிச்சுப் பார்க்கப் போறாங்க?"

"சொன்னா வந்துருவான்க்கா. எனுக்குத் தெரியும்."

"அப்புறம் என்ன?"

"அன்னிக்கு என்னைக் கேக்காம போட்டான். இன்னிக்கு யாருக்குப் போட்டன்னு கேட்டுகினு தான் வருவேன்றான். ரெண்டும் ஒண்ணு தான்க்கா."

விழா எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு நடந்தது. நேரம் கடந்துகொண்டே போனது. அந்தப் பெண் மணையில் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஒன்றுவிட்ட உறவில் அம்மாவுக்கு அண்ணன் முறை ஆகிற ஒருவர் மாலையைப் போட்டார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் எதையும் பார்க்காதவள் மாதிரி பந்தி விசாரித்தாள்.

எல்லோரும் போன பிறகு, கழுவிக் கவிழ்த்த அண்டாக்களுக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். "பொய் சொல்லுன்னு கூட சொன்னீங்க. ஆனா நான் யாருக்குப் போட்டேன்னு நீங்க என்னிக்கும் கேட்டதே இல்லக்கா. அதான் சொல்றேன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அவன் சின்னத்துல தான்க்கா குத்தினேன். புதுச் சட்ட போட்டுகினு மொத மொத போயி உக்காரப் போறான். அவன் ஜெயிக்கணும்னு தான் மெஷின்ல இருந்து ஓடியாந்தேன்."

இதை எழுதலாமா என்று போன மாதம் அவளிடம் கேட்டேன். "பேரு போடாம எழுதிக்கோங்க" என்றாள். அவ்வளவு காலமும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தம்பியைத் தாம்பரம் மார்க்கெட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வேறொருவன் கடையில் தராசு பிடித்துக்கொண்டிருப்பான். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், தராசைப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடுவான் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனி வரை வந்தது. அவளைக் கேட்காமல் அவளுக்கு நல்லது செய்ய ஏற்கெனவே ஒருவன் இருந்தான் என்று நினைத்துக்கொண்டு, காய்கறிப் பையோடு வீட்டுக்கு நடந்துவிடுவேன்.